நமத்துப்போன பிஸ்கட்டுக்கு ஒரு முறைப்பாடு

முறைப்பாடு என்ற சொல் எனக்குப் புதிதல்ல. நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். இதை எழுதுவதும் அப்படித்தான், ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும், எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் முறைப்பாடு என்ற சொல்லை மட்டும் நிறுத்தாமல் எழுதிவிடுவேன். அவ்வளவு தரம் எழுதிப் பழகிய கை.

என் புருஷனின் வள்ளம் துறைமுகப் பக்கத்துக் கரையில் கட்டிய இடத்திலிருந்து ஒரு நாள் காணாமல் போனது. கயிறு மட்டும் கிடந்தது. அதற்காக நான் ஏறாத கந்தோர்ப் படி இல்லை. போன இடமெல்லாம் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்கள், எழுதி வாங்கினார்கள், போகச் சொன்னார்கள். யாரும் என்னை ஏசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வள்ளம் வரவில்லை. பிறகு அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த முறைப்பாடுகள் இன்னும் எங்கேயோ ஓர் அலுமாரிக்குள் கிடக்கும். அவற்றில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அப்படிப்பட்டவளின் வீட்டுப் படலையில்தான் ஒரு நாள் ஒரு முறைப்பாட்டுக்குப் பலன் வந்து இறங்கியது. மழைக்காலம் தொடங்கி வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் பெரிய பெட்டி ஒன்றை இறக்கிவைத்துவிட்டு மருமகளிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார். மகன் வெளிநாட்டில் வேலை. வீட்டில் நானும் மருமகளும் பேத்தியும்தான். மகன் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்து எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

"என்ன பிள்ளை, அவன் அனுப்பினவனோ?"

"உங்கட மகனோ? அவர் போனில ஒரு படம் அனுப்புவார், பெட்டியெல்லாம் அனுப்பமாட்டார். இது கொம்பனி அனுப்பினது மாமி."

"கொம்பனி ஏன் எங்களுக்கு அனுப்புது? நாங்கள் அவையளுக்கு என்ன முறை?"

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "முறை இல்ல மாமி, முறைப்பாடு!"

பெட்டியைப் பிரித்தாள். உள்ளே முழுவதும் பிஸ்கட். இஞ்சி போட்டது, கிறீம் வைத்தது, சீனி தூவியது. மேலே மூன்று பாஷையிலும் மன்னிப்புக் கேட்டு ஒரு கடதாசி. கொம்பனி என்னிடம் மன்னிப்புக் கேட்டு நான் கண்டது அதுதான் முதல் தரம். 

அவள் எப்படிச் செய்தாள் என்பதை ஒளிக்கவில்லை. போனில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு பிஸ்கட் பைக்கற்றைப் பிரித்து, கடல் பக்கத்து ஜன்னலில் காலையில் வைத்திருக்கிறாள். எங்கள் ஊரின் வாடைக்காற்றுக்கு உப்பே கசிந்து தண்ணீராகும், பிஸ்கட் எந்த மூலைக்கு? பின்னேரம் எடுத்து இரண்டாக மடித்துப் படம் பிடித்து, பைக்கற்றைப் பிரிக்கும்போதே இப்படித்தான் இருந்தது, பிள்ளைக்கு வயிற்றுக்கு ஆகவில்லை என்று எழுதிப்போட்டிருக்கிறாள். பேத்தியோ பக்கத்தில் நின்று கல்லைத் தின்றாலும் செமிக்கிற வயிற்றோடு கிறீம் பிஸ்கட்டை நக்கிக்கொண்டிருந்தாள்.

"நமத்திருந்தா நானாட்டக் கொண்டுபோய்க் குடுத்தா மாத்தித் தருவார்தானே பிள்ளை?" என்றேன்.

"நானா பைக்கற்றுக்குப் பைக்கற்றுத்தான் தருவார். கொம்பனி பெட்டியா தரும்."

நானா என்பது எங்கள் ஒழுங்கையின் முகப்பில் கடை வைத்திருந்தவர். அவர் வாப்பா காலத்துக் கடை. எனக்கு மூத்தவர், என்னைத் தங்கச்சி என்பார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சாமான் கொஞ்சம் பிழை என்று யார் சொன்னாலும் ஏன், எப்படி என்று கேட்கமாட்டார். வேறு எடுத்துத் தந்துவிட்டு, "பொருந்திக்கங்க" என்பார். தராசு முள் ஆடி நின்ற விதத்தில் அவருக்கே ஒரு சந்தேகம் வந்தாலும் ஒரு பிடி கூடப் போட்டுவிட்டு, "பொருந்திக்கங்க தங்கச்சி" என்பார். எங்கள் ஆட்களுக்குப் பொருத்தம் என்றால் கலியாணத்துக்குச் சாதகம் பார்ப்பது. நானாவின் ஆட்களுக்கு, முஸ்லிம்களுக்கு, அது வேறு. செய்த பிழையை மனதார மன்னித்துவிட்டேன் என்று மற்றவர் வாயால் சொல்வதுதான் பொருத்தம். அது கிடைக்காமல் கண்ணை மூடினால் மறுமையில் பதில் சொல்ல வேண்டுமாம். அவர்தான் எனக்கு இதைச் சொன்னவர், ஒரு நாள் பருப்புச் சுற்றிக்கொண்டே.

மருமகளோடு அன்று வாய் கொடுத்தேன்.

"இது களவு பிள்ளை."

"ஆற்ற களவு? மாமி, முந்தி இந்தப் பைக்கற்றுக்குள்ள எத்தினை பிஸ்கட் இருந்தது? இப்ப எடுத்துப் பாருங்கோ. கடதாசி அதே நீளம், உள்ளுக்கு அரைவாசி காத்து. விலை மட்டும் குறையேல்ல. அதை அவங்கள் எங்களுக்குச் சொன்னவங்களோ? மன்னிப்புக் கடதாசி போட்டவங்களோ?"

"அவன் செய்தா நீயும் செய்யிறதோ?"

"ஓம். நான் செய்தா ஒரு பெட்டி. அவங்கள் செய்தா நாடு முழுக்க. இதால ஆருக்கு நட்டம், ஒரு ஆளைக் காட்டுங்கோ பாப்பம்."

எனக்கு ஒரு ஆளைக் காட்டத் தெரியவில்லை. அவள் உயர்தரம் வரை படித்தவள், ஈச்சிலம்பற்றில் வயல்காரர் வீட்டில் பிறந்தவள், கதைத்து வெல்ல ஏலாது. பைக்கற்றுக்குள் காற்றை வைத்து விற்பதும் களவுதான். "நான் அதைத் தொடமாட்டன்" என்று மட்டும் சொன்னேன். தொடவும் இல்லை. கேட்டு வாங்கித் தின்ற பழக்கம் எனக்கு என் தாய் வீட்டிலேயே கிடையாது. ஆனால் பிறகு பால்மாவும் வந்தது, கட்டி கட்டியாக இருந்தது என்று எழுதி. பால்மாவைத் தொடமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தேத்தண்ணீருக்குள் போன பிறகு எது நானாவின் கடைப் பால், எது பொய் சொல்லி வாங்கிய பால் என்று யார் கண்டது? குடித்திருப்பேன்.

அந்த வெறும் பெட்டிகளைப் படலைக்கு வெளியே போடுவாள். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுகளைப்போலத் திரியும் மான்கள் வந்து மட்டையைக் கடித்து இழுத்துக்கொண்டு போகும். புல் இருக்க மட்டையைத் தின்னப் பழகிவிட்டன அவை.

சில மாதம் போயிருக்கும். நானாவின் கடைக்குத் தேங்காய் வாங்கப் போனேன். கடையைப் பார்த்துத் திகைத்துப்போனேன். தட்டுகளையெல்லாம் இடம் மாற்றி வைத்திருந்தார். சவர்க்காரம் ஒரு மூலைக்கும், கருவாடு வெளித் தாழ்வாரத்துக்கும் போயிருந்தன. கூரைத் தகரத்தில் புது ஒட்டு. பிஸ்கட் இருந்த கண்ணாடித் தட்டு வெறுமையாக இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு தீப்பெட்டிக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நானா, பெருநாளுக்கு வெள்ளை அடிக்கப்போறீங்களோ?"

"எங்க தங்கச்சி பெருநாள்! கொம்பனி லொறி இப்ப நம்மட கடையில நிக்கிறல்ல. முறைப்பாடு போயிரிக்கி. ஒண்டில்ல, கனக்க. பிஸ்கட் நமத்து இரிக்கி, பிள்ளையளுக்கு வயித்துக்கு ஆகல்ல எண்டு. என்ட கடைதான் எண்டு சொல்லி எழுதி இரிக்காங்க."

"அப்ப இருந்த பிஸ்கட் எல்லாம்?"

"கடப்புறத்தில கிடங்கு வெட்டித் தாட்டுட்டன். சந்தேகமான சாமானை எப்பிடி ஒரு புள்ளைக்கு விக்கிற? எல்லாத்தையும் புரட்டிப் பாத்தன், எங்கால ஈரம் வருது எண்டு விளங்குதில்ல. என்ட கண்ணுதான் போல. தேதி சரியாத் தெரியல்ல இப்ப. மகன் சொல்றார், போதும் வாப்பா, மூடுங்க எண்டு."

தேங்காயை வழக்கம்போல என் காதுக்குப் பக்கத்தில் பிடித்துத் தட்டிக் காட்டினார். எனக்கு அது கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மருமகளைக் குசினியில் வைத்துக் கேட்டேன். 

"எந்தக் கடையில வாங்கினது எண்டு கொம்பனி கேட்டதோ?"

"ஓம், கேட்டவங்கள். அது நிரப்பாட்டி அனுப்பேலாது."

"நீ என்ன சொன்னனீ?"

"உள்ளதைத்தான் சொன்னனான். நானாட கடையிலதானே வாங்கினது." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கும் முகம் மாறியது. "ஏன் மாமி?"

அந்த முறைப்பாடு முழுவதிலும் இருந்த ஒரேயொரு உண்மை அதுதான். அவள் காட்டச் சொன்ன ஆளும் அவர்தான். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். நான் செய்தது மட்டுமில்லை, எல்லாரும் செய்யிறாங்கள், வேற ஆக்களும் அவற்ற கடையைச் சொல்லியிருப்பாங்கள் என்றாள். இருக்கலாம். ஒழுங்கையில் வேறும் வீடுகளுக்குப் பெட்டி வந்ததை நானும் கண்டிருந்தேன். 

"எடு போனை. பொய் எண்டு சொல்லு."

"எனக்கு ஏலாது மாமி. பொலிசுக்குக் கிலிசுக்குப் போட்டாங்களெண்டா?"

"அப்ப என்னட்டத் தா."

நம்பரை அழுத்தித் தந்தாள். பாட்டுப் போனது, பிறகு சிங்களம் போனது, இங்கிலீசு போனது. தமிழுக்கு எதையோ அழுத்தினாள். ஒரு பிள்ளை வந்தது. நல்ல பிள்ளை, கொழும்புத் தமிழ், குரலில் மரியாதை இருந்தது.

"பிள்ளை, நாங்கள் பிஸ்கட் நமத்துப்போச்சுது எண்டு சொன்னது. அது பொய் பிள்ளை. கடைக்காரரில ஒரு பிழையும் இல்லை."

"அம்மா, உங்கட முறைப்பாடு தீர்த்துவைக்கப்பட்டது என்று இருக்கு. பெட்டி உங்களுக்குக் கிடைக்கல்லையா?"

"கிடைச்சது. அது கிடைச்சிருக்கக் கூடாது. அது பொய் எண்டு சொல்லுறன்."

"விளங்குது அம்மா. உங்களுக்குத் திருப்தி இல்லை. உங்கட மனக்கஷ்டத்துக்கு வருந்துறம். மறுபடியும் முறைப்பாடாப் பதியட்டுமா?"

"முறைப்பாடு இல்லை பிள்ளை. முறைப்பாட்டுக்கு எதிரா என்ன இருக்கோ அதைப் பதி."

பக்கத்தில் யாரிடமோ கேட்டுப் பார்த்தாள். "அப்படி ஒன்று இதில இல்லை அம்மா" என்றாள். எனக்கு அவளில் கோபம் வரவில்லை. அவளுக்கு முன்னால் இருக்கிற கொம்பியூட்டர்ப் பெட்டியில் என்ன இருக்கிறதோ அதைத்தானே அவளும் அழுத்த முடியும்.

அந்தக் கிழமையே இன்னொரு பெட்டி வந்தது. முந்தினதைவிடப் பெரிசு. மன்னிப்புக் கடதாசியும் நீளம். 

அந்த லொறி இப்போது பெரிய தெருவில் புதிதாகத் திறந்த சுப்பர் மார்க்கற்றுக்குத்தான் போகும். அங்கேயும் போய் நின்றேன். சாமான் இறக்கிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அம்மா, சின்னக் கடையளை எப்பிடியும் நிப்பாட்டத்தான் இருந்தவங்கள். முறைப்பாடு ஒரு சாட்டு" என்றார். பிறகு ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாட்டு என்றால் சாட்டுத்தான், ஆனால் அதை எடுத்துக் கையில் கொடுத்தது நாங்கள். அவர்களுக்கு அது சாட்டு என்று நானாவுக்கும் தெரியாது. அவர் தன் கண்ணைத்தான் நம்பாமல் இருந்தார்.

கொம்பனியைத் திருத்திவிட்டுத்தான் நானாவின் முகத்தில் விழிப்பது என்று இருந்தேன், கடைக்கதவு மூடிக்கிடக்கத் தொடங்கியபோதுதான் அவரைத் தேடிப் போனேன். கிண்ணியாவுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். பிறகு ஒரு காலையில் அவரே எங்கள் படலையைத் தட்டினார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, கையில் தடி. தடியோடு அவரை அன்றுதான் கண்டேன்.

"வாங்கோ நானா, இருங்கோ."

"இரிக்க நேரமில்ல தங்கச்சி. கிண்ணியாவோட இருந்துடப்போறன். போக முந்தி வீடு வீடாப் பொருத்தம் கேட்டு வாறன்."

தேத்தண்ணீர் போடப் போன மருமகள் குசினியிலிருந்து, "பொருத்தமோ? ஆருக்கு நானா, உங்களுக்கோ? பொம்பிளை எந்த ஊர்?" என்று கேட்டாள். அவளுடைய ஊரில் அந்தச் சொல்லுக்குச் சாதகம் ஒன்றுதான். நானா வாய் விட்டுச் சிரித்தார். "இந்த வயசில என்ன மகள், பொம்பிளை வந்தா என்ட மையத்தை அடக்கத்தான் வருவா" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"முறைப்பாடு போன வீடுகள்ள இதுவும் ஒண்டு எண்டு கொம்பனி ஆள் போகக்குள்ள சொன்னாரு. நீங்க என்னட்ட ஒரு வார்த்த சொல்லல்ல. சொன்னா எனக்கு நோகும் எண்டு இருந்திருப்பீங்க. என்ட கையால கெட்ட சாமான் இந்த வீட்டுக்கு வந்து, உங்கட பேத்தி தின்டு வயித்தால கஷ்டப்பட்டிரிக்கி. பொருந்திக்கங்க தங்கச்சி."

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"நானா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அது கெட்ட சாமான் இல்லை. நல்ல பிஸ்கட். எங்கட ஜன்னல்ல வைச்சு நமக்கப் பண்ணினது. கொம்பனியால பெட்டி வாங்கப் பொய் சொன்னது. உங்கட கண்ணில, கடையில, ஒண்டிலயும் பிழை இல்லை."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார். ஒரு பிள்ளை பொய் சொல்லும்போது பெரியவர்கள் பார்க்கிற மாதிரி.

"தங்கச்சி, உங்கட புருஷன எனக்குத் தெரியும், உங்களயும் தெரியும். வள்ளம் போனபொறகும் ஒருத்தரிட்டக் கடன் கேட்டுப் போகாத ஆள் நீங்க. இந்த வீட்டால அப்பிடிப் பொய் வராது. எனக்காகச் சொல்றீங்க. அல்லா உங்களுக்குக் கூலி தரட்டும்."

"இல்லை நானா! பிள்ளை, நீ வந்து சொல்லு!"

மருமகள் தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தாள். தட்டில் பிஸ்கட்டும் இருந்தது. வீட்டில் வேறு பிஸ்கட் ஏது? தட்டை வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்தாள்.

"மாமிக்கு இப்ப கொஞ்சம் மறதி, நானா" என்றாள்.

நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவள் இந்த ஒழுங்கையில் இன்னும் எவ்வளவோ காலம் இருக்க வேண்டியவள். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தினம் அந்தக் கடை வாசலைக் கடந்து பள்ளிக்கூடம் போக வேண்டியவள். அன்று பின்னேரம் முழுவதும் குசினியில் அழுதாள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது நானா போன பிறகு.

நானா மரியாதைக்கு ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். மென்றார். முகம் இன்னும் வாடிப்போனது.

"பாத்தீங்களா? நேரா கொம்பனியால வந்தா எவ்வளவு மொறுமொறுப்பு. என்ட கடையில வெச்சுத்தான் கெட்டுப் போயித்து."

மிச்சத்தைத் தட்டில் வைக்கவில்லை, முழுவதையும் தின்று முடித்தார். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றார். போகவில்லை. காத்துக்கொண்டு நின்றார்.

"வாயால சொல்லுங்க தங்கச்சி. சொன்னாத்தான் நான் போகலாம்."

சொன்னால் அந்தப் பொய்க்கு நானும் கையொப்பம் வைத்ததாகும். சொல்லாவிட்டால் இந்த மனிதன் மறுமைக்கும் இதைச் சுமந்துகொண்டு போவார். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.

"பொருந்தினன் நானா" என்றேன்.

அன்று நான் சொன்னதெல்லாவற்றிலும் அவர் நம்பியது அதைத்தான். நெஞ்சில் கையை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார். மருமகளுக்கும் சலாம் சொன்னார். படலைக்கு வெளியே ஒரு மான் எங்கள் பெட்டியின் ஒட்டுநாடாவை வாயில் போட்டுச் சவைத்துக்கொண்டு நின்றது. அவர் தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அது விழுங்கிவிடாதபடி மெல்ல இழுத்தெடுத்து, சுருட்டித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிறகு ஒழுங்கை வழியே நடந்தார். வரும்போது ஊன்றி ஊன்றி வந்தவர், போகும்போது தடியை நிலத்தில் படவிடாமல் பிடித்துக்கொண்டு போனார். நான் படலை வரைக்கும் போனேன். கடை முகப்பைக் கடக்கும்வரை தெரிந்துகொண்டிருந்தார், அவ்வளவு நேரமும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

என்னத்தைச் சொல்ல? சொல்லியாயிற்று.